நாலு கைக்கு ஒரு பியானோ

அழைப்பிதழில் கவிநிலாவின் பெயர் இல்லை என்பதை மெஹ்விஷ் மண்டபத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தாள். பெரிய எழுத்தில் அவள் பெயர், அதைவிடப் பெரிய எழுத்தில் சிறப்பு விருந்தினரின் பெயர், கீழே ஒலிபெருக்கிக்காரர் வரைக்கும் நன்றி. கடைசி உருப்படியை அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கப்போகிறவளை மட்டும் காணோம். மெஹ்விஷுக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

கவிநிலா யாரோ எவரோ இல்லை. இதே திருவண்ணாமலையில் படித்த காலத்தில், பள்ளியில் இருந்த ஒரே பியானோவுக்கு இரண்டு பேரும் மல்லுக்கு நின்றதால் ஒரே ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். இடப்பக்கம் மெஹ்விஷுக்கு, வலப்பக்கம் கவிநிலாவுக்கு. பிறகு ஜவுளிக்கடை குலாம் ரசூல் தன் மகள் மெஹ்விஷைச் சென்னைக்கு அனுப்பினார். அங்கிருந்து அவள் வியன்னா போனாள், ஊர் ஊராகக் கச்சேரி செய்தாள். கவிநிலா வீட்டில் அனுப்ப வழியில்லை. பரீட்சை எழுதி, வேங்கிக்கால் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராகச் சேர்ந்தாள்.

ஆனாலும் எந்த ஊர்க் கச்சேரிக்கு எதை வாசிப்பது என்று மெஹ்விஷ் போன் போட்டுக் கேட்பது இவளைத்தான். "அங்க குளிரு ஜாஸ்தின்ற. வந்து உக்காந்ததும் இழுவையா ஆரம்பிச்சா தூங்கிடுவாங்கடி. வேகமானத முன்னால வைய்யி," என்பாள், குக்கர் விசிலுக்கு நடுவே. மெஹ்விஷ் தேர்ந்தெடுக்கும் உருப்படிகளைப் பத்திரிகைகள் புகழ்ந்து தள்ளும். அந்தப் புகழில் பாதி வேங்கிக்காலுக்குச் சேர வேண்டியது என்று யாருக்கும் தெரியாது. மெஹ்விஷும் எந்தப் பேட்டியிலும் அதைச் சொன்னதில்லை.

சொந்த ஊரில் இதுதான் முதல் கச்சேரி. நாலு கையால் வாசிக்கும் ஒரு நடன இசையைக் கடைசிக்கு வைத்ததும் கவிநிலாதான். ஆபீஸ் விட்டு வந்து மாதக்கணக்காகக் கீபோர்டில் உட்கார்ந்து பழகியிருந்தாள்.

கச்சேரியை ஏற்பாடு செய்த மன்றத்தின் தலைவர் சக்கரவர்த்தியைப் பிடித்துக் கேட்டாள் மெஹ்விஷ். பாத்திரக்கடைக்காரர், ஊரில் எந்த விழாவுக்கும் மைக் அவர் கையில்தான்.

"அது வந்து மேடம், சிறப்பு விருந்தினர் யாருன்னு பாத்தீங்களா? கவிநிலா மேடத்தோட ஆபீஸருங்க. அவரு கீழ உக்காந்திருக்க, அவர்கிட்ட வேலை செய்றவங்க மேடையில உக்காந்தா நல்லாவா இருக்கும்? அவங்களே வேணாம்னுட்டாங்க."

"அவரு ஏதாவது சொன்னாரா?"

"இதையெல்லாம் போயி அவருகிட்ட கேப்பாங்களா மேடம்? நாமளே பாத்து நடந்துக்கறதுதான்."

கவிநிலா பின்வரிசையில், தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். கச்சேரிக்கென்று எடுத்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். மெஹ்விஷ் நேராக அவளிடம் போனாள்.

"நீயேவா வேணாம்னு சொன்ன?"

"ஆமா. விடுடி. நீ போயி வாசி."

"அந்தாளுக்கு எதுக்கு இவ்ளோ பயப்படற?"

"உனக்குப் புரியாது. போ, கூப்பிடறாங்க பாரு."

மெஹ்விஷ் மேடைக்குப் போனாள். பியானோ சென்னையிலிருந்து லாரியில் வந்திருந்தது. அதற்குக் கல்யாண மேடை மாதிரி சாமந்திச் சரம் சுற்றியிருந்தார்கள். சரங்களை அவளே கழற்றிக் கீழே வைத்துவிட்டு, முதல் சொனாட்டாவைத் தொடங்கினாள்.

சொனாட்டாவில் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்குமுன் வாசிப்பவர் கையை மடியில் வைத்துக் கொஞ்சம் மூச்சு விடுவார். மற்ற ஊர்களில் அந்த நேரத்தில் இருமிக்கொள்வார்கள். இங்கே சக்கரவர்த்தி மைக்கைப் பிடித்தார். "மிக அருமையான நிகழ்ச்சி. இப்போது நமது சிறப்பு விருந்தினர் கலைஞருக்குப் பொன்னாடை போர்த்திக் கௌரவிப்பார்."

"இன்னும் முடியல சார்."

"பரவாயில்ல மேடம், சாருக்கு அப்புறம் மீட்டிங் இருக்கு."

அதிகாரி படியேறி வந்து போர்த்தினார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், சங்கடமாகச் சிரித்தார். போட்டோக்காரர் அவளை இந்தப் பக்கம் பார், அந்தப் பக்கம் பார் என்று பாடாய்ப் படுத்தினார். தாலாட்டுபோல வரவேண்டிய இரண்டாம் பகுதியை மெஹ்விஷ் அடித்து நொறுக்கினாள். கூட்டம் பலமாகக் கைதட்டியது. அது இன்னும் எரிச்சல்.

கடைசியில் சக்கரவர்த்தி மறுபடி வந்தார். "நிறைவாக, மேடம் நமக்காக ஒரு சினிமா பாட்டு வாசிப்பாங்க." அவளிடம் அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மெஹ்விஷ் ஸ்டூலின் இடது பாதிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். நாலு கை இசையில் தன் பங்கை மட்டும் வாசித்தாள். வெறும் தாளக்கட்டு, அதன்மேல் பாட்டு இல்லை. ஜனங்கள் பாட்டு இப்போது வரும், அப்போது வரும் என்று காத்திருந்தார்கள். ஒரு சுற்று முடிந்ததும் எழுந்து சக்கரவர்த்தியின் மைக்கை வாங்கினாள்.

"இதுல பாட்டு வாசிக்கறவங்க பேரு கவிநிலா. பின்னால தூண் பக்கத்துல உக்காந்திருக்காங்க. அவங்க வர்ற வரைக்கும் நான் இதையேதான் வாசிச்சிட்டிருப்பேன்."

மறுபடி தொடங்கினாள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. மீட்டிங்கை மறந்து உட்கார்ந்திருந்த அதிகாரியும் திரும்பினார். அத்தனை கண்ணும் தன்மேல் இருக்கும்போது ஒருத்தியால் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க முடியும்? கவிநிலா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். மெஹ்விஷின் முகத்தைப் பார்க்காமல் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

வாசித்தாள் பாருங்கள். எத்தனையோ பெயர்பெற்ற கைகளோடு மெஹ்விஷ் வாசித்திருக்கிறாள், இப்படித் துரத்தப்பட்டதில்லை. கவிநிலா வேகத்தைக் கூட்டக் கூட்ட இவள் மூச்சுப்பிடித்து ஓட வேண்டியிருந்தது. ஜெயித்துவிட்டோம் என்று மெஹ்விஷுக்குக் கண் கலங்கியது.

முடிந்ததும் கூட்டம் எழுந்து நின்றது. அதிகாரியும் எழுந்தார். மைக்கை வாங்கி, "நம்ம ஆபீஸ்ல இப்படி ஒரு ஆளா? என்கிட்ட ஒரு வார்த்தைகூட சொல்லலையே," என்றார், சிரித்துக்கொண்டே. எல்லாரும் சிரித்தார்கள்.

கவிநிலாவும் சிரித்த முகமாகக் கூட்டத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். உதட்டை அதிகம் அசைக்காமல் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

"கேட்டியா அவர் சொன்னத? நாளைக்கு அவர் ரூம்ல போயி நின்னு பதில் சொல்லப்போறது நான். விடுடின்னு உன்கிட்ட சொன்னேன்ல? நாளைக்கு அந்த நேரத்துக்கு நீ எங்கடி இருப்ப?"

மெஹ்விஷுக்கு விடிகாலையில் விமானம்.