நாலாம் தெருவா, ஆறாம் தெருவா

மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்ப்பதால் அவளை எல்லோரும் மாத்திரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அன்று காலை மாத்திரை அக்கா வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தபோது கணவர் கேட்டார்.

"பொண்ணு ரூம் சும்மாதானே பூட்டிக் கிடக்கு? எங்க ஆபீஸ்ல புதுசா சேர்ந்தவர் தங்க இடம் தேடுறாரு. சாயங்காலம் வந்து பார்க்கச் சொல்லட்டுமா?"

அவள் தலை அதுபாட்டுக்கு ஆடிவிட்டது. மகள் கல்யாணமாகிப் போனதிலிருந்தே அந்த அறை தனக்கு வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். எதற்கு என்று கேட்டால் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. அவளுக்குத் தைக்கத் தெரியாது, பாடவும் வராது. காரணமே இல்லாத ஆசையை எந்த முகத்தோடு வாய்விட்டுக் கேட்பது?

மத்தியானம் பேருந்திலிருந்து இறங்கியபோது மழை விட்டிருந்தது. அவர்கள் இருந்த குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே வரைபடத்தில் கட்டியவை. வெளிச்சுவருக்கு வெளிர்மஞ்சளைத் தவிர வேறு நிறம் பூசக் குடியிருப்போர் சங்கம் விடாது. மரங்களைக்கூட ஒரே சமயத்தில் நட்டிருந்ததால் எல்லாம் ஒரே உயரத்தில் நின்று சொட்டிக்கொண்டிருந்தன. அறையைப் பற்றிய நினைப்பிலேயே நடந்து, திரும்பி, திறந்திருந்த கதவுக்குள் நுழைந்தாள். கை தானாகவே சமையலறை விளக்கைப் போட்டது. தம்ளர் இருக்கும் இடத்தில் தம்ளர் இருந்தது. தண்ணீர் குடித்தாள்.

சின்ன அறை திறந்திருந்தது. கட்டிலில் வெள்ளை விரிப்பு, ஜன்னலில் திரைச்சீலை. வரப்போகிறவருக்காகக் கணவர் அதற்குள் ஒழுங்கு பண்ணிவிட்டார் என்று நினைத்தாள். ஒரே ஒரு தடவை படுத்துப் பார்த்துவிடலாம்.

கண்ணை மூடியதும் கட்டில் தண்ணீர்மேல் போவதுபோல் மெல்ல அசைந்தது. எல்லா வீடுகளிலும் இதே மூலையில் இதே அறை இருப்பது நினைவுக்கு வந்தது. சுவர்களெல்லாம் கரைந்துபோயின. எத்தனையோ பெண்கள் வரிசை வரிசையாகப் படுத்து, ஒரே சீராய் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் எதற்கு என்று கேட்கவில்லை.

கண் விழித்தபோது, கண்ணாடி போட்ட ஒருத்தி நாற்காலியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"முழிச்சிட்டீங்களா? நாலாம் தெருவா, ஆறாம் தெருவா?"

"நாலு..." அவளுக்கு உயிரே போய்விட்டது. "ஐயையோ, எங்க வீடுன்னு நெனச்சு..."

"அட, உட்காருங்க. இது அஞ்சாம் தெரு. எங்க வீட்டுக்காரர் ஒருதடவை உங்க தெருவுல யார் வீட்டுக்கோ போய், சட்டையைக் கழட்டி மாட்டிட்டு, காபி எங்கன்னு அதட்டியிருக்காரு. அந்தம்மா காபியைக் கொடுத்துட்டுத்தான் நீங்க யாருன்னு கேட்டாங்களாம்."

மாத்திரை அக்கா வெட்கத்தை மறந்து சிரித்துவிட்டாள்.

"நான் குளிச்சிட்டு வந்து பார்த்தா நீங்க குழந்தை மாதிரி தூங்குறீங்க. எழுப்ப மனசு வரல."

"இது யாரோட ரூம்?"

"என்னோடது."

"இங்க என்ன பண்ணுவீங்க?"

"நகம் வெட்டுவேன்."

"வீட்டுல எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

"கேட்டாத்தானே யோசிப்பாரு? எனக்கு வேணும்னு சொன்னேன். ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தாரு. அப்புறம் பசிச்சிருச்சு."

தன் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, புதியவர் அறை வாசலில் நின்றிருந்தார். கணவர் உள்ளே கையை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"எங்க போயிட்ட? சார் வந்து எவ்வளவு நேரமாச்சு! மேசையை ஜன்னலோரமா போட்டுக்கலாம்னு சொல்லிட்டிருக்கேன்."

அவள் புதியவர் பக்கம் திரும்பினாள். "மன்னிச்சுக்குங்க சார். இந்த ரூம் காலியா இல்ல."

"காலியா இல்லையா? யாரு வர்றா?" என்றார் கணவர்.

"நான்."

"நீயா? எதுக்கு?"

பழக்கதோஷத்தில் ஒரு காரணத்தைத் தேடினாள். ஒன்றும் அகப்படவில்லை. இந்தத் தடவை அது குறையாகத் தோன்றவில்லை.

"எதுக்கும் இல்லைங்க. எனக்கு வேணும்."

புதியவர் அவசரமாகச் செருப்பைத் தேடினார். கணவரைத் தாண்டி உள்ளே போய், அவள் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டாள். அறையில் தூசி வாசம் அடித்தது. செய்வதற்கு ஒன்றுமில்லை. சுவரில் சாய்ந்து, வெளிச்சம் மங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.