ஜன்னல் இருந்த பாத்தி

பக்கத்து வீடு எரிந்துபோன மறு வருஷம் அந்த வெற்றுமனை வெர்டெல்லின் கைக்கு வந்தது. இடிக்க வந்த ஆட்கள் பாதி வீட்டை நிலவறைக் குழிக்குள்ளேயே தள்ளி மண்ணை மூடிவிட்டுப் போயிருந்தார்கள். டெட்ராய்டில் இதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்? மண் கறுப்பாக, பொலபொலவென்று இருந்தது. அது போதாதா அவளுக்கு! கொலார்டு கீரை போட்டாள். இலை ஒவ்வொன்றும் முறம் அகலத்துக்கு வந்தது. தெருவுக்கே பை பையாகக் கொடுத்தாள்.

கவலையெல்லாம் மூன்று வயது மகள் நைலாவைப் பற்றித்தான். வாயாடிக் குழந்தை, கோடை முடிவதற்குள் ஒவ்வொரு வார்த்தையாக மறந்துகொண்டே வந்தது. கடைசியில் ‘அம்மா’வும் போயிற்று. தோட்டத்துக்கு வந்தால் ஒரே பாத்தியில் போய் உட்காரும். எத்தனை முறை தூக்கி வந்தாலும் திரும்ப அங்கேதான்.

அன்று காலை பார்த்தால் வாயெல்லாம் மண். "தித்திக்குது" என்றது குழந்தை. வாரக்கணக்கில் அது பேசிய ஒரே சொல்.

எதிர்வீட்டுக் கிளியோட்டிஸ் வேலியோரம் அப்படியே நின்றுவிட்டார்.

"புள்ளைய அங்கருந்து தூக்கு வெர்டெல்!"

"ஏண்ணே பதறுறீங்க? நாம திங்காத மண்ணா?"

"அங்கதான் அந்த வீட்டு ஜன்னல் இருந்துச்சு. என்கூடப் படிச்ச அந்த வீட்டுப் பையன் வில்பர் நாளெல்லாம் அந்தக் கட்டைய நக்கிட்டே கிடப்பான். கேட்டா தித்திக்குதும்பான். பழைய பெயின்ட், அத்தனையும் ஈய விஷம். அப்புறம் அவனுக்குப் பேச்சே இல்லாமப் போச்சு."

வெர்டெல் மண்வெட்டியால் அங்கே தோண்டினாள். ஒரு சாண் ஆழத்தில் ஜன்னல் கட்டை தட்டுப்பட்டது. வெள்ளைப் பெயின்ட் உரிந்து மண்ணோடு கலந்துகிடந்தது. கீரை வேர்கள் கட்டையைச் சுற்றிப் படர்ந்திருந்தன. அதன் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடங்கள். வெர்டெல் குழந்தையை வாரிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

குழந்தையின் ரத்தத்தில் ஈயம் எக்கச்சக்கம். "மேல ஏறாமப் பாத்துக்கலாம்மா. போன பேச்சு வருமான்னு சொல்லத் தெரியல" என்றாள் நர்ஸ். பிறகு கேட்டாள்: "அந்த மண்ணுல வேற எந்தப் புள்ளை விளையாடுச்சு? கீரைய யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

தன் கையாலேயே ஊட்டினாளே, பாவி! அழக்கூட நேரமில்லை. நேராகப் போய் மூன்றாம் வீட்டு ஒரேத்தாவின் கதவைத் தட்டினாள்.

"வாடி, கீரை கொண்டாந்தியா?" என்று ஒரேத்தா சிரித்தாள். "எங்க சின்னவன் உன் தோட்டத்தவிட்டு வரவே மாட்டேங்கிறான். ஆனா ஒண்ணுடி, இப்பல்லாம் சமத்தாயிட்டான். வாயே தொறக்கிறதில்ல."