முட்டைச் சக்கர வண்டி

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. கதவோரம் நிற்கிறவர்களும் நகர்ந்து வந்து உட்காருங்கள். தாளில் முட்டையாக இருந்த சக்கரம் தெருவில் வட்டமாக உருண்ட கதை ஒன்று வைத்திருக்கிறேன். இதில் ராட்சசனும் இல்லை, ராஜாவும் இல்லை. ஒரு பென்சில் வரும், ஒரு பெட்டி வரும், கழுத்து வலிக்காரி ஒருத்தி வருவாள். அவளிடமிருந்தே தொடங்குகிறேன்.

குருசுக்குப்பத்துக் கன்னியம்மாள் மீன் விற்கிறவள். அன்னக்கூடையில் மீனும் ஐஸும் நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு, முத்தியால்பேட்டைத் தெருவில் ஒரு குரல் கொடுத்தால் மூன்று வீடு தள்ளி உறங்குகிற பூனையும் எழுந்து வாசலுக்கு வரும். பங்குனி மாதத்தில் அந்தக் கழுத்து மக்கர் பண்ணியது. இடது கை விரல்கள் மரத்துப்போயின. பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, "இனிமே தலையில ஒரு செம்புத் தண்ணி கூடத் தூக்கக் கூடாது. மீறித் தூக்கினா கை விளங்காமப் போயிடும்" என்று தீர்த்துச் சொல்லிவிட்டார்.

கை போனால் மீன் வெட்டுவது எப்படி, வீடு நடப்பது எப்படி? ஆனால் கன்னியம்மாள் அழுது கிடக்கிற ஜாதியல்ல. மீன்பிடித் தடைக்காலம் அப்போதுதான் தொடங்கியது. விசைப்படகுகள் எல்லாம் கரையில் கட்டிக் கிடந்தன. தடை முடிந்து முதல் மீன் இறங்குகிற காலையில் கூடைக்குப் பதில் ஒரு தள்ளுவண்டியோடு தெருவில் நிற்பது என்று முடிவு கட்டிக்கொண்டு, கருவடிக்குப்பத்தில் நெடுமாறனின் வெல்டிங் பட்டறைக்குப் போனாள்.

அந்தப் பட்டறையில் படம் வரைகிறவள் கலைவாணி. பாலிடெக்னிக்கில் படித்தவள். இரும்புக் கேட் ஆனாலும் ஓட்டல் மேசை ஆனாலும் முதலில் அவள் வரைந்து கொடுக்க வேண்டும், அப்புறந்தான் வெல்டர் அருள்முருகன் இரும்பில் கை வைப்பான். கன்னியம்மாள் அவளிடம் தன் தேவையைச் சொன்னாள். நின்றபடி வெட்ட வசதியாக இடுப்பு உயரத்தில் ஓர் ஐஸ் பெட்டி. பெட்டிக்கு அந்தப் பக்கம், வாங்க வருகிறவர்களை நோக்கிக் கீழே சரிகிற ஒரு தட்டு. மீனை அதில் அடுக்கினால் தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறிக்க வேண்டும்.

மறுநாள் கலைவாணி தாளை நீட்டினாள். கன்னியம்மாள் அதை இப்படித் திருப்பிப் பார்த்தாள், அப்படித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, நான் ஒரு பொட்டிதானே கேட்டேன். இன்னாத்துக்கு மூணு போட்டு வெச்சிருக்க?"

"மூணும் ஒண்ணுதாங்க்கா. இது முன்னாடி நின்னு பாத்தது. இது பக்கத்துல நின்னு பாத்தது. இது மேலேர்ந்து பாத்தது."

"மேலேர்ந்து பாக்க நான் இன்னா காக்காவா?"

நெடுமாறன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டுச் சிரித்தார். "காக்காதான் யக்கா உன் வண்டிக்கு மொத கிராக்கி."

"நீ சிரிப்ப. மூணு பொட்டியயும் செஞ்சு வெச்சுட்டு, தள்ளிக்கினு போன்னு சொல்லுவ." மேலிருந்து பார்த்த படத்தில் விரலை வைத்தாள். "எனக்குச் சரிவா ஒரு தட்டு வோணும்னேன். இது மணப்பலகையாட்டம் தட்டையா கெடக்குது. சரிவு எங்க?"

கலைவாணி சிரிக்கவில்லை. மேலே நின்று பார்த்தால் சரிவு தெரியாதுதான். மூன்று படத்தையும் மனத்துக்குள் ஒட்டிப் பார்க்கப் பழகியவளுக்கு அது வண்டி. பழகாதவளுக்கு மூன்று பெட்டி. வண்டியில் நிற்கப்போகிறவள் கண்ணுக்கு அது தெரிந்தாக வேண்டும் என்று புதுத் தாள் எடுத்தாள்.

"யக்கா, வண்டிகிட்ட எங்க நிப்பீங்க?"

"இந்த மூலையில. ஒரு காலச் சாச்சு வெச்சுக்கினு."

"அப்ப அங்கேர்ந்தே பாப்போம்."

செங்குத்தாக ஒரு கோடு இழுத்தாள். கன்னியம்மாளுக்கு அருகிலிருக்கும் பெட்டி மூலை அது. செட் ஸ்கொயரை வைத்து அதன் அடியிலிருந்து வலப்பக்கம் ஒரு கோடு, இடப்பக்கம் ஒரு கோடு. இரண்டும் முப்பது பாகை மேலேறிப் போயின. உயரத்துக்கு ஒன்று, நீளத்துக்கு ஒன்று, அகலத்துக்கு ஒன்று என்று மூன்று திசைக்கும் ஒரு கோடு கிடைத்துவிட்டது. நிஜத்தில் பத்து சென்டிமீட்டர் என்றால் தாளில் ஒன்று. மூன்று கோட்டிலும் அதே கணக்குதான். மற்ற விளிம்புகளை இந்த மூன்றுக்கும் இணையாகவே இழுத்தாள். போட்டோவில் தூரத்துப் பக்கம் சிறுத்துப் போகுமே, இதில் அந்தப் பேச்சே இல்லை. முன்விளிம்பு எவ்வளவோ பின்விளிம்பும் அவ்வளவுதான். சரிவுத் தட்டுக்கும் முதலில் முழுப் பெட்டி ஒன்றை வரைந்துவிட்டு, வஞ்சிரத்தைச் சாய்த்து வெட்டுவது போல மேல்பாதியைக் கோட்டால் அரிந்து எடுத்தாள்.

மேல்பக்கம், நீளப்பக்கம், அகலப்பக்கம் மூன்றும் ஒரே பார்வையில் தெரிய, தாளில் ஒரு வண்டி எழுந்து நின்றது.

"இதுக்குப் பேரு ஐசோமெட்ரிக்."

"பேரு எதுவோ இருந்துட்டுப் போவுது. இது என் வண்டி." கன்னியம்மாள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே புருவம் சுருங்கியது. "சக்கரம் ஏன் முட்டையாட்டம் கீது? முட்டை உருளுமா, தள்ளாடுமா?"

"உங்க வளையலக் கழட்டுங்க்கா. நேரா பிடிச்சா எப்படி இருக்கு?"

"வட்டமா."

"கொஞ்சம் திருப்புங்க."

கன்னியம்மாள் கண்ணாடி வளையலை மெல்லத் திருப்பினாள். வட்டம் ஒடுங்கி முட்டையானது. இன்னும் ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு வளையலைக் கைக்குள் தள்ளிக்கொண்டாள். "சரி, வளையல் மாறல, நான் பாக்குற பக்கந்தான் மாறிச்சு. ஐஸ் தண்ணி போற குழாய மட்டும் அந்தாண்ட மாத்து. இங்க வெச்சீன்னா நாள் பூரா என் காலு நனையும்."

படம் பார்த்ததால் வந்த பேச்சு அது. கலைவாணி குழாயை அழித்து மறுபக்கம் வரைந்தாள்.

தடைக்காலம் முடிந்து முதல் மீன் வருவது ஞாயிற்றுக்கிழமைக் காலை. மீனுக்கு அதைவிட நல்ல நாள் உண்டா, நீங்களே சொல்லுங்கள். சனிக்கிழமை மத்தியானம் வண்டியைப் பார்க்கப் பட்டறைக்குள் நுழைந்த கன்னியம்மாளை யாரும் வா என்று கூப்பிடவில்லை. பெட்டி ஜோராக நின்றது. சக்கரம் வட்டமாகவே இருந்தது. ஆனால் சரிவுத் தட்டைத் தாங்க வேண்டிய இரண்டு எஃகுப் பட்டைகளும் பெட்டி விளிம்பிலிருந்து புறப்பட்டு, எதிரே அவை உட்கார வேண்டிய இரும்புக் குழாய்க் காலை எட்டாமல் அந்தரத்தில் நின்றன.

"படம் தப்பு" என்றான் அருள்முருகன். "நான் படத்துல அளந்துதான் வெட்டினேன். மூணு புள்ளி ஆறு இருந்துச்சு. முப்பத்தாறு சென்டிமீட்டர் வெட்டினேன்."

பட்டைகள் ஐம்பது சென்டிமீட்டர் இருந்திருக்க வேண்டும். அருள்முருகனுக்கு அந்த ஐசோமெட்ரிக் படம் அத்தனை பிடித்துப்போயிருந்தது. அதைச் சுவரில் ஒட்டிவைத்து, மூன்று பெட்டித் தாளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், எல்லாவற்றையும் அதிலிருந்தே ஸ்கேல் வைத்து அளந்து வெட்டியிருக்கிறான்.

நெடுமாறன் தலையைச் சொறிந்தார். "அந்தப் பட்டை ஊர்ல ஸ்டாக் இல்ல யக்கா. சென்னையிலேர்ந்து வரணும். திங்கக்கெழம ஆவும்."

கன்னியம்மாள் வண்டியைப் பார்த்தாள். வலது கை தானாகப் போய் இடது கை விரல்களைப் பிடித்துக்கொண்டது. "சரி உடு. நாளைக்கு ஒரு நாளுதானே. தலையில வெச்சுக்கறேன்."

இரும்பைத் தேய்த்துக்கொண்டிருந்த கிரைண்டர் நின்றது. டாக்டரம்மா சொன்னது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

"வெக்க வேணாங்க்கா" என்றாள் கலைவாணி. குரலில் பதற்றமே இல்லை. "சாயங்காலம் வண்டிய நீங்களே தள்ளிக்கினு போவீங்க. அருளு, இங்க வா. படம் சரியாத்தான் இருக்கு. அளக்கக் கூடாத கோட்ட அளந்துட்ட. கூடாதுன்னு நான் எழுதி வெக்கல, அது என் தப்பு."

"கோடுன்னா கோடுதானே. அதுல இன்னா கூடும், கூடாது?"

கலைவாணி தாளின் ஓரத்தில் சதுரமான தரை ஓடு ஒன்றை அதே முறையில் வரைந்தாள். அது சாய்ந்த டைமண்டு போல வந்தது. மூலைக்கு மூலை இரண்டு கோடு இழுத்தாள். "அள."

அருள்முருகன் அளந்தான். ஒன்று நீளம், ஒன்று குட்டை.

"இப்ப கீழ கெடக்குற ஓட்ட அள."

குனிந்து டேப்பை வைத்தான். இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் எவ்வளவோ, குறுக்கேயும் அவ்வளவுதான். மறுபடி அளந்தான். நிமிர்ந்தபோது சண்டை போடும் முகம் போய்விட்டிருந்தது.

"மூணு திசையில போற கோடுதான் உண்மை பேசும். குறுக்க சாயிறது ஒண்ணு நீண்டுக்கும், ஒண்ணு குறுகிக்கும். நம்ம தட்டு அக்கா நிக்கிற பக்கத்துலேர்ந்து பாத்தா அந்தாண்ட சரியுது, அதான் குறுகிப்போச்சு."

கன்னியம்மாள் தலையாட்டினாள். "நம்ம ஊருத் தெருவாட்டந்தான். நான் கரையிலேர்ந்து மேற்க நடக்கணும், அப்புறம் வடக்க திரும்பணும். மாடி வீட்டுக்காரி கூப்பிட்டா மேல ஏறணும். இவன் காக்கா போற வழிய அளந்திருக்கான்."

"அண்ணே, வண்டிக்கு மொத கிராக்கி, காக்கா வந்துடுச்சு" என்று நெடுமாறனைப் பார்த்துச் சொன்னான் அருள்முருகன், தன்னைத்தானே காட்டி. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

கலைவாணி அதற்குள் வேறு தாளில் இறங்கியிருந்தாள். பட்டையை நீட்ட முடியாது. ஆனால் எதிரே நிற்கிற குழாய்க் காலை அறுத்துக் கிட்டே கொண்டுவரலாமே. முன்பு தட்டு வெளியே நாற்பது போய்க் கீழே முப்பது இறங்கியது. இப்போது வெளியே இருபத்தெட்டரை போய், கீழே இருபத்திரண்டு இறங்கினால் முப்பத்தாறு சென்டிமீட்டர் பட்டை கச்சிதமாக உட்காரும். சரிவும் கிட்டத்தட்ட அதேதான். இந்த இரண்டு அளவையும் இரண்டு திசைக் கோடுகளில் எழுதினாள். சாய்ந்த கோட்டின் மேல் "இதை அளக்காதே" என்று கொட்டை எழுத்தில் எழுதினாள். பிறகு படத்தைக் கன்னியம்மாள் பக்கம் திருப்பினாள். அவள் சரியென்றால்தானே வேலை.

"தட்டு சின்னதாயிடுங்க்கா. பாத்துச் சொல்லுங்க."

கன்னியம்மாள் படத்தின் தட்டில் விரலால் மீன் அடுக்கிப் பார்த்தாள். மேலே ஒரு வரிசை வஞ்சிரம், நடுவில் சங்கரா, கீழே நெத்திலி. "ஒரு வரிசை கொறையுது. கொறைஞ்சா கொறையட்டும். எங்க சந்துல திரும்பறப்ப செவுத்துல இடிக்காது. வாங்க வர்றவளும் எட்டி நிக்க மாட்டா, கிட்ட வந்து பேசுவா. போடு."

அருள்முருகன் குழாய்க் காலை அறுத்தான். சரிவுத் தட்டைச் சிறிதாக்கினான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் படத்தில் எழுதியிருந்த எண்ணைச் சத்தமாகப் படித்தான். படத்தின் மேல் ஸ்கேலை வைக்கவே இல்லை. பற்றவைத்து முடித்துப் பட்டையை இழுத்துப் பார்த்தான். அது அசையவில்லை.

வெயில் தாழ்ந்தபோது நெடுமாறன் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்தார். கன்னியம்மாள் குங்குமம் தொட்டுப் பெட்டியில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினாள். பழங்கள் பட்டென்று நசுங்கின.

"தள்ளாடுதாக்கா?" என்று கேட்டாள் கலைவாணி.

"முட்டையா இருந்தாதானே தள்ளாடும்" என்று திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டுப் போனாள் கன்னியம்மாள்.

மறுநாள் காலை அவள் கரையிலிருந்து மேற்கே தள்ளினாள், பிறகு வடக்கே திரும்பினாள். முத்தியால்பேட்டையில் அந்தப் பழைய குரல் எழுந்தது. பூனை வந்தது, காக்கா வந்தது, பிறகு ஜனம் வந்தது. அவள் தலையில் மல்லிகைப் பூவைத் தவிர வேறெதுவும் இல்லை. மரத்துப்போயிருந்த இடது கை மீனைப் பிடித்துக்கொள்ள, வலது கை வெட்டியது.

கதை இவ்வளவுதான், என் செல்வங்களா. உங்கள் வீட்டுக் கதவுகள் மூலை பிசகாமல் மூடட்டும். உங்கள் வீட்டில் யார் கழுத்திலும் தாங்க முடியாத பாரம் ஏறாமல் இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் உங்கள் அடுப்பில் மீன்குழம்பு கொதிக்கட்டும். அந்த வாசத்துக்கு வந்து நிற்கிறவருக்கும் ஒரு கரண்டி ஊற்ற உங்கள் சட்டியில் எப்போதும் இருக்கட்டும்.