பதினேழாம் கேள்வி

பாடையைத் தோளில் ஏற்றுவதற்காக நான்கு பேர் குனிந்த நேரத்தில், செல்லக்கிளி வாசற்படியை விட்டு இறங்கி அப்பாவின் டயர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"நீ எங்க கிளம்புற?" என்றார் ஆண்டி. மணப்பாறையிலிருந்து வந்திருந்த பங்காளிகளில் மூத்தவர். "பொம்பளைங்க தெருமுனையோட நின்னுக்கணும்."

"நானும் வரேங்க தாத்தா. ஓயாமாரி வாசல் வரைக்கும்."

குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள்.

"சுடுகாட்டுக்கா? செருப்பத் தூக்கிக்கிட்டா? யாரு சொன்னது?"

"அப்பாதான் சொன்னாரு. நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

செல்லக்கிளி சென்னையில் பி.ஏ. இரண்டாம் வருஷம். பொருளாதாரம் முக்கியப் பாடம். கூடவே துணைப் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும் என்றார்கள், மானிடவியல் எடுத்தாள்.

"மனுசனப் பத்திப் படிக்கிறதுக்கா பட்டணம் போகணும்? என் பஸ்ஸுல ரெண்டு ட்ரிப் வந்தா போதுமே" என்று அப்பா ரங்கசாமி அப்போது சிரித்தார். மெயின்கார்டு கேட்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையே ஓடும் பஸ்ஸில் பதினெட்டு வருஷமாகக் கண்டக்டர். தெரியாது என்ற சொல் அவர் வாயில் வராது. கேள்விப்படாத தெருவின் பெயரைச் சொல்லி வழி கேட்டாலும், "எறங்கி சோத்தாங்கைப் பக்கம் போங்க" என்று கைகாட்டி அனுப்பிவிடுவார்.

பொங்கல் லீவில் அவள் இருபது கேள்விகளோடு வந்தாள். சொந்தக் குடும்பத்து வழக்கங்களை விசாரித்து எழுதிவரச் சொல்லியிருந்தார் பேராசிரியர். சாயங்காலம் டயர் செருப்பின் பட், பட் சத்தம் தெருவில் கேட்டதுமே அம்மா ரெங்கம்மாள் எப்போதும்போல் சொம்பில் தண்ணீரோடு வாசலுக்குப் போனாள். அப்பா கால் கழுவி வந்து உட்கார்ந்து, கெண்டைக்காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

பதினேழாவது கேள்வி: இறுதி ஊர்வலத்தில் பெண்கள் எதுவரை செல்வார்கள்?

"தெருமுனை வரைக்கும். இதுக்கு ஒரு கேள்வியா?" என்றாள் அம்மா அடுப்படியிலிருந்து.

அப்பா ஒரு நிமிஷம் மகளையே பார்த்தார். பிறகு இடது காது மடலைத் தடவிக்கொண்டார்.

"அது மத்தவங்களுக்கு. நம்ம வகையறாவுல, ஆம்பளப் புள்ள இல்லாத வீடுன்னா, பொண்ணு சுடுகாட்டு வாசல் வரைக்கும் வரும். அப்பன் செருப்பக் கையில எடுத்துக்கிட்டு வரும்."

"எப்ப பாத்தீங்க இத?" என்றாள் அம்மா.

"நீ எங்க வம்சத்துக்கு வந்து இருபத்திரண்டு வருசந்தானே ஆச்சு? உனக்கென்ன தெரியும்? நீ எழுதிக்கம்மா. உங்க வாத்தியார் அசந்துபோயிடுவாரு."

காது மடலைத் தடவினால் அப்பா கதை அளக்கிறார் என்று அர்த்தம். வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அம்மா உள்ளே சிரித்தது கேட்டது. செல்லக்கிளியும் சிரித்துக்கொண்டேதான் எழுதினாள்.

லீவு முடிந்து அவள் சென்னைக்குக் கிளம்பினபோது, அப்பா வழக்கம்போல ஜங்ஷனுக்கு வந்தார். பிளாட்பாரம் முடிகிற இடம்வரை ரயிலோடு கூடவே நடந்து, கடைசிப் பெட்டி கண்ணுக்கு மறைகிறவரை நின்றார். அதுதான் அவரை அவள் உயிரோடு கடைசியாகப் பார்த்தது.

முந்தாநாள் காலை ஸ்ரீரங்கத்தில் பஸ் நின்றதும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. தந்தி கிடைத்து, ரயில் பிடித்து, அவள் வந்து சேர்ந்து இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அவளுக்காகத்தான் இதுவரை வைத்திருந்தார்கள்.

"படி, பாப்போம்" என்றார் ஆண்டி.

பெட்டியிலிருந்து நோட்டை எடுத்துவந்து படித்தாள். தூணில் சாய்ந்திருந்த அம்மா அவளையே பார்த்தாள்.

ஆண்டி நோட்டுக்குள் எட்டிப்பார்த்தார். "அது என்ன ஓரத்துல செவப்பு மசி?"

செல்லக்கிளி கட்டைவிரலால் அந்த ஓரத்தை மறைத்தாள். "வாத்தியார் எழுதினது."

"என்னன்னு?"

"இது நேர்ல பாத்ததா, யார் பாத்தாங்கன்னு கேட்டிருக்காரு."

"அப்படிக் கேளு! படிச்ச மனுசன் சரியாத்தான் கேட்டிருக்காரு. எழுவத்தஞ்சு வயசுல நான் பாக்காத வழக்கமா? யாரு பாத்தது?"

செருப்பின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு அவள் தலை குனிந்தாள்.

"நான் பாத்திருக்கேன்."

பெரியப்பா மதுரைவீரன். அப்பாவின் ஒரே அண்ணன். காலையிலிருந்து வாய் திறக்காமல் தம்பியின் தலைமாட்டிலேயே நின்றவர்.

"நம்ம சின்னத்தாத்தா செத்தப்ப. எனக்கு ஏழெட்டு வயசு. அவரு மக செருப்போடதான் நடந்துச்சு."

"எனக்குத் தெரியாம எப்பப்பா?"

"நீங்க அப்ப ரங்கூன்ல இருந்தீங்க சித்தப்பா."

ஆண்டி ரங்கூனில் இருந்தது நிஜம். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"தூக்குங்கப்பா, வெயில் ஏறுது" என்றார் பெரியப்பா. அவருடைய வலது கை இடது காது மடலில் இருந்ததைச் செல்லக்கிளி பார்த்தாள்.

தெருமுனையில் பெண்கள் நின்றுகொண்டார்கள். அவள் நடந்தாள். பாலத்து முனையில் அப்பாவின் பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. டிரைவர் பாக்கியநாதன் இஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கித் தொப்பியைக் கழற்றினார். உள்ளே ஜன்னலோரத்தில் ஒரு அம்மாள், "கண்டக்டரா? நேத்துக்கூட யாரும் சொல்லலியே" என்றாள்.

ஓயாமாரி வாசலில் செல்லக்கிளி நின்றுவிட்டாள். பாடை மரங்களுக்கு நடுவே போனது. கடைசி ஆளின் முதுகும் மறைந்த பிறகும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

கொள்ளி வைத்து, காவேரியில் மணலுக்கு நடுவே ஓடிய கொஞ்சம் தண்ணீரில் முழுகிவிட்டு ஆண்கள் திரும்பினார்கள். பெரியப்பா ஈர வேட்டியோடு அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"செருப்ப அப்புறம் என்ன பண்ணணும்னு சொன்னானா?"

"இல்லீங்க பெரியப்பா. நானும் கேக்கல."

"எதையுமே முழுசா அளக்க மாட்டான்." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார். "உங்க வாத்தியாருக்குத் தைரியமா எழுதிப்போடு. நேர்ல பாத்ததுன்னு."

"சரிங்க பெரியப்பா."

உச்சி வெயிலில் தார் ரோடு இளகிக் கிடந்தது. வரும்போது அவளுக்குச் சூடு தெரியவில்லை. இப்போது ஓர் அடி வைத்ததும் காலை இழுத்துக்கொண்டாள்.

"கீழ போட்டு மாட்டிக்க" என்றார் பெரியப்பா.

மாட்டிக்கொண்டாள். குதிகாலுக்குப் பின்னால் மூன்று விரல் அகலம் மிச்சமிருந்தது. கழன்றுவிடாமல் விரல்களை மடக்கி, ரோட்டில் பட், பட் என்று அறைந்துகொண்டு நடந்தாள்.

அவர்கள் தெருவுக்குள் திரும்பினார்கள். அழுது ஓய்ந்த வீடு அமைதியாக இருந்தது. உள்ளே தூணடியில் கிடந்த அம்மா தலையைத் தூக்கினாள். பிறகு மளமளவென்று எழுந்து, சொம்பில் தண்ணீரோடு வாசலுக்கு வந்தாள்.