சாமி மேடைக்கு இருநூறு வெள்ளி

ஸ்கூடாயில் நாங்கள் நான்கு மாணவிகள் தங்கியிருந்த வாடகை வீட்டைக் காலி செய்த அன்று, வீட்டுக்காரர் சதாசிவம் டெபாசிட்டில் இருநூறு வெள்ளியைப் பிடித்துக்கொண்டார். நாங்கள் சுவரில் பொருத்திய சாமி மேடைதான் காரணம்.

"அதக் கழட்டணும், ஓட்டைய அடைக்கணும். கூலி யாரு கொடுப்பா?"

வாதாடியும் பயனில்லை. அதற்குள் அடுத்துக் குடிவரும் மாணவி தன் அம்மாவோடு வந்துவிட்டாள். மேடையைக் கண்டதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்தது.

"நம்ம புள்ளைங்களுக்குன்னு நான்தான்மா அடிச்சு வச்சேன்," என்றார் சதாசிவம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டிலைக் கழற்றிய ஸ்குரூடிரைவர் பக்கத்திலேயே கிடந்தது.

"லோஷினி, என்னம்மா பண்ற?"

"கழட்டத்தானே காசு புடிச்சீங்க அங்கிள்? நானே கழட்டிடுறேன்."

முதல் ஸ்குரூ கழன்றது. இரண்டாவது கழல்வதற்குள் இருநூறு வெள்ளி என் கைக்கு வந்துவிட்டது.