கேட்காத கேள்விக்கு முழு மார்க்

கடைசிக் கேள்விக்கும் மார்க் விழுந்ததும் அறையில் கைதட்டல் எழுந்தது. ஆரம்பித்து வைத்தவன் பாடத்தை உருவாக்கிய டிசைனர்தான். "நூத்துக்கு நூறு, அக்கா!"

அவளுக்குச் சுருக்கென்றது. ஆன்லைன் பாடங்களைப் பார்வையில்லாதவர்களும் படிக்க முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது அவள் வேலை. அவளுக்கும் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கணினிக் குரல் காதில் படிக்கும், அவள் கீபோர்டில் பதில் தட்டுவாள். இப்போது பாட முடிவில் வரும் தேர்வின் கடைசிக் கேள்வியை அந்தக் குரல் படிக்கவேயில்லை. "இந்தக் கேள்வி உங்களுக்குப் பொருந்தாது. முழு மதிப்பெண் வழங்கப்படுகிறது" என்று தாராளமாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டது.

"இங்க என்ன கேள்வி இருந்துச்சு?"

"ஒருத்தர் மயங்கி விழுந்துட்டா, போன் பண்றவங்ககிட்ட முதல்ல எதைச் செய்யச் சொல்லணும், அடுத்து எதைன்னு வரிசைப்படுத்தணும்க்கா. மௌஸால இழுக்கணும். உங்களால முடியாதே, பாவம்னு..."

அந்தப் பாவத்தைக் கேட்டதும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாடம், அவசர உதவி மையத்தில் போன் எடுக்கப் போகிறவர்களுக்கானது. நாளை காலை திறக்கிறது. முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருப்பவன் அவள் தம்பி. பார்வை போனதிலிருந்து வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவன், இந்த வேலையை நம்பித்தான் மறுபடி ஒழுங்காகச் சவரம் செய்யத் தொடங்கியிருந்தான். நூறு மார்க்கோடு போய் உட்காருவான். யாரோ அலறிக்கொண்டு போன் செய்வார்கள். இவன் என்ன சொல்வான்?

"மார்க் குடுத்தா வேணாங்கிற ஒரே ஆள் நீதாம்மா," என்றார் மேனேஜர். "இப்போதைக்கு ஓகே போட்டுடு. அடுத்த மாசம் சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருங்கன்னு போன் பண்றவங்ககிட்ட சொல்லிடலாமா சார்? நான் போட மாட்டேன்."

அவள் டிசைனர் பக்கம் திரும்பினாள். "மௌஸைக் கழட்டிக் குடு." வாங்கித் தன் கைப்பையில் போட்டு மூடினாள். "இப்ப அந்தக் கேள்விக்கு நீ பதில் சொல்லு."

அவன் கீபோர்டைத் தட்டு தட்டென்று தட்டினான்.

"ஒண்ணுமே நகரலக்கா."

"பாவம்," என்றாள் அவள்.

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. மேல் கீழ் அம்புக்குறி விசைகளாலேயே வரிசையை மாற்றும்படி அந்தக் கேள்வியைத் திருத்தினான். முதல் தடவை குரல் பாதியில் ஊமையானது. அடுத்த தடவை எந்த வரி எங்கே போனதென்று சொல்லாமல் குழப்பியது. அவள் விடாமல் திருப்பியனுப்பினாள். மேனேஜரே டீ வாங்கி வந்து வைத்தார். கடைசியில் கேள்வி முழுதாகக் காதில் விழுந்தது. அவள் பதில் சொன்னாள். ஒரு வரி தப்பு, மார்க் குறைந்தது. சிரித்துக்கொண்டே ஓகே போட்டாள்.

மறுநாள் மதியம் தம்பி போன் செய்தான். குரல் உடைந்திருந்தது.

"ஃபெயில்க்கா. மூச்சு இருக்கான்னு பாக்கச் சொல்றதுக்கு முன்னாடியே தண்ணி குடுக்கச் சொல்லிட்டேன். கடைசி கேள்வி கவுத்துடுச்சு."

அவளுக்கோ சந்தோஷம்.

"அந்தக் கேள்விய உன்கிட்டயும் கேட்டுச்சா?"

"கேட்டுச்சே."

"அப்ப உக்காந்து படி. திரும்ப எழுது."

"பின்ன, விட்டுடுவேனா?" என்று போனை வைத்தான்.