நாற்பத்தொரு மறுப்புகள்

1

இந்தக் கதையை நான் திருடினேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்களாகக் கண்டுபிடித்து என்னை முறைக்க வேண்டாம். தம்பி குளிக்கப் போயிருந்த நேரத்தில், அவன் கணினியில் திறந்து கிடந்த கடிதங்களைப் படித்தேன். அவன் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, "படிச்சு முடிச்சிட்டியாக்கா?" என்றான். கோபமில்லை. கதை எழுதுகிற அக்கா வாய்த்தவனுக்கு இதெல்லாம் பழகிப்போன விஷயம்.

தம்பி லிப்ட் மெக்கானிக். வேலை போக மீதி நேரத்தில் ஒரு சின்ன மென்பொருளைப் பற்றி வரும் சந்தேகங்களுக்குப் பதில் எழுதுகிறான். பிராக்சி சர்வர் என்பார்கள். இணையத்துக்கு நேராகப் போக வழியில்லாத கணினி கேட்பதை இது போய் வாங்கி வந்து கொடுக்கும். கொடுத்ததும் மறந்துவிடும். (பதிவேட்டில் ஒரு வரி மட்டும் எழுதிவைக்கும். எனக்குக் கதை கிடைத்தது அந்த வரிகளில்தான்.) யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், மாற்றலாம். பராமரிப்பவர்கள் ஏழு பேர். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மொத்த மென்பொருளும் என் கைப்பேசியில் இருக்கும் ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது. நான் நம்பவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினான். அன்றிலிருந்து அதன்மேல் எனக்குப் பயம் கலந்த ஒரு மரியாதை.

2

தொடக்கம் ஒன்று: "மருந்துக் கிடங்கின் ஜன்னலுக்கு வெளியே மழை—"

அடித்துவிட்டேன். மழையை யார் கேட்டார்கள்?

தொடக்கம் இரண்டு: "பதினோரு நாளாக அவள் தன் குழந்தையை—"

இதுவும் வேண்டாம். முதல் வரியிலேயே உங்களை அழவைக்கப் பார்க்கிறேன், வெட்கமாக இருக்கிறது.

தொடக்கம் மூன்று, வந்த கடிதம் அப்படியே:

"ஐயா, நான் ஓர் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். மாத்திரை இருப்பு பார்க்கும் அளவுக்குத்தான் கணினி தெரியும். உங்கள் புரோகிராமைப் போட்டுவிட்டேன். என் மேஜையில் வேலை செய்கிறது. அந்த அறையில் செய்யவில்லை. அவசரம்."

இருபது வருடமாக எழுதுகிறேன். இப்படி ஒரு தொடக்கம் எனக்கு அமைந்ததே இல்லை.

3

அந்த அறை முன்பு எக்ஸ்ரே எடுக்கும் அறையாக இருந்தது. சுவருக்குள் ஈயத் தகடு, கைப்பேசிக்கு சிக்னல் நுழையாது. இப்போது தொற்று உள்ளவர்களைத் தனியாக வைக்கும் இடம். பிரசவமான மறுநாளே காய்ச்சல் கண்டு ஒரு பெண்ணை அங்கே கொண்டுவந்தார்கள். குழந்தை தெருவுக்கு எதிர்ப்பக்கக் கட்டடத்தில், பச்சிளங்குழந்தைகள் பிரிவில்.

நர்ஸ் குழந்தையைப் படம் பிடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். அந்தப் பெண் பார்த்துவிட்டு, "இது யாரு குழந்தை?" என்று கேட்டாள். வீடியோ காட்டினார்கள். "எப்ப எடுத்தது?" என்றாள். தன் குழந்தை செத்துவிட்டது, எல்லோருமாகச் சேர்ந்து மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிட்டாள். ஒன்பதாம் நாளிலிருந்து சாப்பாட்டுத் தட்டைத் தொடவில்லை. உடம்பு தாங்காது என்று டாக்டர் கம்பவுண்டரிடம் சொல்லியிருக்கிறார்.

எதிர்க் கட்டடத்தில் ஒவ்வொரு தொட்டிலுக்கு மேலும் ஒரு கேமரா உண்டு. இணையப் பக்கத்தைத் திறந்தால் இந்த நிமிடம் குழந்தை என்ன செய்கிறது என்று தெரியும். அந்த அறையிலும் ஒரு கணினி இருக்கிறது, காய்ச்சல் அளவைப் பதிய. ஆனால் அதன் கேபிள் மருந்துக் கிடங்குக் கணினியோடு நின்றுவிடுகிறது. கிடங்குக் கணினிக்கு மட்டும்தான் இணையம். அதுவும் பழசு, பெரிய மென்பொருள் எதையாவது போட்டால் அப்படியே படுத்துவிடும். இந்தச் சின்னது மட்டும் ஓடியது.

[அடிக்குறிப்பு: இணையக் கேபிளையே அந்த அறைவரை இழுத்திருக்கலாமே என்பீர்கள். நானும் கேட்டேன். "ஆஸ்பத்திரி சுவத்துல ஒரு ஓட்டை போட ஆறு கையெழுத்து வேணும்க்கா," என்றான் தம்பி.]

4

கம்பவுண்டரிடம்தான் எனக்குத் தகராறு.

முதல் வரைவில் அவரை அந்தப் பெண்ணின் அப்பாவாக்கினேன். அழுத்தமாக இருந்தது. அடித்தேன். பிறகு பெரியப்பாவாக்கினேன். அதையும் அடித்தேன். கடிதங்களில் அவர் அவளுக்கு யாருமில்லை. மருந்துத் தட்டை அறை வாசல்வரை கொண்டுவந்து வைப்பவர், அவ்வளவுதான். தனக்கு உறவே இல்லாத ஒருத்திக்காக ஒரு மனுஷன் மூன்று நாள், புரியாத மொழியில் இருக்கும் கோப்போடு மல்லுக்கட்டுவானா? வாசகர் நம்புவாரா?

இதைத் தம்பியிடமே கேட்டேன். அவன் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"நான் இப்ப யாருக்கு எழுதுறேன்னு நினைக்கிற? எனக்கு அவர் மாமாவா, மச்சானா?"

 கம்பவுண்டர் அவளுக்கு யாருமில்லாதவராகவே இருக்கட்டும்.

5

கம்பவுண்டர் பதிவேட்டின் நகலை அனுப்பியிருந்தார். ஒரே வரி திரும்பத் திரும்ப: மறுக்கப்பட்டது. பக்கம் முழுக்க.

தம்பிக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. "புதுசா போட்டா இது தன் மெஷினை மட்டும்தான் நம்பும்க்கா. வேற யாரையாவது உள்ள விடணும்னா, இன்னாரை விடுன்னு நாம ஒரு வரி எழுதணும்." எழுத வேண்டிய வரியை அனுப்பினான். மறுநாள் பதிலும், நாற்பத்தொரு மறுப்புகளோடு பதிவேட்டின் புது நகலும் வந்தன: "எழுதிவிட்டேன். நிறுத்தி மறுபடி ஓட்டினேன். மறுக்கிறது."

மூன்றரைக்கு மதியச் சாப்பாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி, பாதியில் விட்டுக் கம்பவுண்டருக்குப் போன் போட்டான். பக்கத்தில் நான் இருந்தேன், இதை நான் திருடவில்லை.

"அந்த வரியை அப்படியே எனக்குப் படிங்க சார்."

"முதல்ல ரெண்டு கோடு, குறுக்க ரெண்டு கோடு. அந்தக் குறி. அதுக்கப்புறம் நீங்க குடுத்தது."

"குறி எதுக்கு சார் போட்டீங்க?"

"அங்க இருந்த எல்லா வரிக்கும் முன்னாடி இருந்துச்சே தம்பி. மரியாதைக்குப் போடுறதாக்கும்னு நானும் போட்டேன்."

நான் சிரித்துவிட்டேன். தம்பி சிரிக்கவில்லை.

"முன்னாடி அந்தக் குறி இருந்தா, அது மனுஷங்க படிக்க எழுதின குறிப்பு சார். மெஷின் தாண்டிப் போயிடும். குறியை மட்டும் எடுத்துடுங்க. வரி அப்படியே இருக்கட்டும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். நல்லாத்தான் சார் செஞ்சிருக்கீங்க."

போனை வைத்த பிறகும் தம்பி பதிவேட்டை மூடவில்லை. "அக்கா, நர்ஸ் அந்த ரூமுக்குள்ள எப்ப போவாங்கன்னு எழுதியிருந்தார்ல?"

எழுதியிருந்தார். காலை எட்டு, மதியம் பன்னிரண்டு, மாலை ஐந்து. கவச உடை மாட்டிக்கொண்டு, பத்துப் பத்து நிமிடம்.

"அப்ப இது யாரு?"

ஐந்தே முக்கால். ஆறு மணி. ஆறு பத்து. ஒன்பதரை. பத்து. மூன்றே கால். நர்ஸ் நேரத்தில் வந்தவை பன்னிரண்டுதான். மீதி இருபத்தொன்பது முறை, அறையில் வேறு யாருமில்லாத நேரத்தில், யாரோ அந்தப் பக்கத்தைக் கேட்டிருக்கிறார்கள்.

செத்துவிட்டது என்று சொன்னவள்தான். படத்தைப் பார்த்து யாரு குழந்தை என்றவள்தான். சாப்பிடாத உடம்போடு கட்டிலைவிட்டு எழுந்து, கணினிவரை நடந்து, நர்ஸ் செய்யப் பார்த்த மாதிரியே கேட்டிருக்கிறாள். மறுத்திருக்கிறது. மறுபடி கேட்டிருக்கிறாள்.  

6

முடிவு ஒன்று: அவள் திரையைப் பார்க்கிறாள், குழந்தை கொட்டாவி விடுகிறது, அவள்— (அடித்தேன். கொட்டாவியை நான் பார்க்கவில்லை.)

முடிவு இரண்டு: திரையைப் பார்த்தும் அவள், "இது யாரு குழந்தை?" என்று— (எழுதக் கை வரவில்லை. இதுவும் நடந்திருக்கலாம் என்பதை மட்டும் உங்களிடம் மறைக்கமாட்டேன்.)

எனக்குத் தெரிந்தது இவ்வளவே. மாலை நாலு இருபதுக்குக் கம்பவுண்டர் மறுபடி பதிவேட்டின் நகலை அனுப்பினார். கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. நாற்பத்தொரு மறுப்புகளுக்குக் கீழே, மூன்று நாற்பதுக்கு ஒரு புதுவரி: இணைப்பு கிடைத்தது. இணைப்பு முடிந்தால் "மூடப்பட்டது" என்று அடுத்த வரி வரும். அது வரவில்லை. நாற்பது நிமிடமாகத் திறந்தே இருந்திருக்கிறது. மூன்று நாற்பதுக்கும் நாலு இருபதுக்கும் நடுவே நர்ஸ் அந்த அறைக்குள் போகும் நேரம் எதுவுமில்லை.

"என்னாச்சுன்னு போன் பண்ணிக் கேளேன்டா," என்றேன்.

"அவங்க என்ன பாக்கிறாங்கன்னு நாம பாக்கக் கூடாதுக்கா. வழி திறந்திருக்கு. அதோட நம்ம வேலை முடிஞ்சுது." கையில் ஒட்டியிருந்த சோறு காய்ந்துபோயிருந்தது. கழுவப் போனான்.

அவன் வேலை முடிந்தது. என் வேலை முடியவில்லை. ஆகவே கம்பவுண்டர் செய்ததையே நானும் செய்கிறேன். முடிவை எழுதிவிட்டு, முன்னால் அந்தக் குறியையும் போட்டுவைக்கிறேன். குறி இருக்கும்வரை அது வெறும் குறிப்பு, கதை அதைத் தாண்டிப் போய்விடும். எடுத்தால் நடந்தது. எடுப்பதும் விடுவதும் உங்கள் கையில்.

# அன்று மாலை ஐந்து மணிக்கு நர்ஸ் உள்ளே போனபோது, அந்தப் பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், சாப்பாட்டுத் தட்டை வாங்கக் கையை நீட்டினாள்.